220 இரவுகள்

என் தட்டில் நெய் மறுபடியும் விழத் தொடங்கியது 2011-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து இரவு ஒன்றில். அதற்கு முன் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், நெய், வேர்க்கடலை, அப்பளம், மாம்பழம், மைசூர்பாகு என்று எவையெல்லாம் முகத்தில் பருவைக் கிளப்பும் என்று உறவினரும் அண்டை அயலாரும் சொன்னார்களோ, அவை யாவற்றையும் அம்மா ஒவ்வொன்றாக விலக்கி, மகளின் முகம் தெளிய வேண்டும் என்பதற்காகத் தானும் அவற்றைத் துறந்து, ஒரு விரதம்போல அனுஷ்டித்து வந்தாள். அன்றிரவு ரசம் சாதத்தின் நடுவே விரலால் ஒரு குழி செய்து, அதில் ஒரு கரண்டி நெய்யை ஊற்றிவிட்டு, "டாக்டரே சொல்லிட்டாங்க, சாப்பிடு" என்று சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. நான் விழுங்கப்போகும் மாத்திரை கொழுப்புள்ள உணவோடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும். வெறும் வயிற்றில் போட்டால் பாதிக்கும் மேல் வீணாகிவிடும் என்று டாக்டர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

அந்த மருந்தின் பெயர் ஐசோட்ரெட்டினோயின். வைட்டமின் ஏ-யின் வம்சத்தைச் சேர்ந்தது. கடுமையான முகப்பருவுக்கு இன்று வைத்திய உலகில் வழங்கும் ஔஷதங்களில் வலிமை மிகுந்தது. அதை நான் ஏழு மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலாக உட்கொண்ட அனுபவத்தை இத்தனை ஆண்டுகளில் எங்கும் எழுதியதில்லை. சென்ற மாதம் என் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு படமும், அதன் கீழே "அக்கா, இது நீ சாப்பிட்டதுதானே?" என்றிருந்த ஒரு வரியும் என்னை இன்று எழுத உட்கார வைத்திருக்கின்றன. அந்தப் படத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் வீடு பெங்களூரில், கன்னடத்தில் ஹலசூரு என்றும் எங்கள் வாயில் அல்சூர் என்றும் வழங்கும் பேட்டையில், சோமேசுவரர் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே சந்தில் ஒலிக்கும் அந்தப் பேட்டையில், பிறர் நலத்தை விசாரிப்பதில் எவரும் சங்கோசம் பாராட்டுவதில்லை. எதிர்வீட்டு அம்மாள் மாடிப்படியில் என்னைக் காணும்போதெல்லாம் தம் முகவாயில் கைவைத்து, "ஏனம்மா, முக ஹீகாகிதெ?" என்று, முகம் ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்பார், பிறகு தாமே ஆறுதலாக, "மதுவெ ஆத்மேலெ சரி ஹோகுத்தெ" என்று, கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிப்பார். எங்கள் பாட்டியோ, பருவத்தில் வருவதால்தான் அதற்குப் பரு என்று பெயர், பருவம் கழிந்தால் பருவும் கழியும் என்று சொல்லிவிட்டாள். இருவரும் அன்பினாலேயே அப்படிச் சொன்னார்கள். ஆயினும் பதினெட்டு வயதில் தொடங்கி இருபத்தொன்று வரைக்கும் என் முகத்தில் இருந்தது, அவர்கள் தங்கள் இளமையில் கண்டிருந்த பரு அன்று.

பரு என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோர் மனத்திலும் தோன்றுவது, மூக்கின் நுனியிலோ நெற்றியிலோ சிவந்து எழும்பி நான்கு நாளில் அடங்கிவிடும் ஒரு சிறு புடைப்புத்தான். எனக்கு இருந்தவை தாடையோரத்திலும் கன்னத்திலும் முதுகிலும் தோலுக்கு அடியில் கோலிக்குண்டுபோல் உருண்டு நின்ற கட்டிகள். அவை வெளியே முகம் காட்டாமல் உள்ளேயே கனன்று, ஒன்றோடு ஒன்று சுரங்கம் தோண்டிச் சேர்ந்துகொள்ளும். வாய் திறந்து கொட்டாவி விட்டால் வலிக்கும். தொலைபேசியைக் காதோடு சேர்த்தால் வலிக்கும். ஒரு பக்கமாகப் படுக்க முடியாமல் மல்லாந்தே உறங்கப் பழகிக்கொண்டேன். அப்படியும் உறக்கத்தில் புரண்ட இரவுகளின் மறுநாள் காலையில் தலையணை உறையில் சீழும் இரத்தமும் சிறு சிறு வட்டங்களாகக் காய்ந்திருக்கும். அம்மா எழுந்து பார்ப்பதற்கு முன் அதைக் கழற்றிக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துவிடுவது என் தினசரிக் கடமைகளுள் ஒன்றாயிற்று.

இதற்கு என்னென்ன செய்தோம் என்பதை விரித்தால் பக்கங்கள் போதா. கஸ்தூரி மஞ்சள், சந்தனம், வேப்பிலை அரைத்த விழுது, முல்தானி மட்டி எல்லாம் ஆயின. குடும்ப வைத்தியர் எழுதிக்கொடுத்த அஸித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் மாதக்கணக்கில் ஆயின. அவற்றைச் சாப்பிடும்வரை கட்டிகள் சற்றே அடங்கும், நிறுத்திய மூன்றாம் வாரம் முன்னிலும் உக்கிரமாக எழும். இரவில் பூசிய பென்சாயில் பெராக்சைடு களிம்பு என் நீல நிறத் தலையணை உறையை ஆங்காங்கே வெளுத்தது, கட்டிகளை அசைக்கவில்லை.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இன்றைக்கும் நம் ஊர்களில் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு மருந்துக்கடையில், என் முகத்தைப் பார்த்து மனமிரங்கிய ஒருவர், சீட்டு எதுவும் கேளாமல் ஒரு சிறு டியூபை எடுத்து நீட்டி, காலையும் மாலையும் பூசச் சொன்னார். மூன்றே நாளில் சிவப்பு அடங்கிற்று; தோல் மழமழப்பாயிற்று; அம்மா கோயிலில் அர்ச்சனை செய்தாள். அந்த டியூபில் இருந்தது வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு என்பதும், அது வீக்கத்தைத் தற்காலிகமாக மறைத்துத் தோலை நாளுக்கு நாள் மெலியச் செய்யும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. நான்கு மாதம் கழித்து, வெயிலில் பத்தடி நடந்தாலே முகம் மிளகாய் அரைத்துத் தேய்த்தாற்போல் எரியலாயிற்று. கன்னத்தில் மெல்லிய இரத்த நாளங்கள் நூல்போல் தெரிந்தன. மேலுதட்டின்மேல் ரோமம் அரும்பியது. பூசுவதை நிறுத்திய ஒரே வாரத்தில், அதுவரை அடங்கியிருந்த பருக்கள் யாவும் ஒன்று பத்தாகப் பெருகி வெடித்தன. இந்தியத் தோல் மருத்துவர்களின் சங்கம் பல ஆண்டுகள் இக்கொடுமையை எடுத்துச் சொல்லிப் போராடியதன் பலனாக, 2018-ஆம் ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சகம் பதினான்கு வகை ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாத 'ஷெட்யூல் எச்' பட்டியலில் சேர்த்தது. அந்தச் செய்தியை நாளிதழில் படித்த அன்று நான் என் கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அந்த ஆண்டுகளில் நான் மிகவும் விரும்பிச் செய்த காரியம் ஸ்கூட்டர் ஓட்டுவது. பெங்களூரில் இருசக்கர வாகனம் ஓட்டும் பெண்கள் புழுதிக்கும் புகைக்கும் பயந்து துப்பட்டாவால் முகம் முழுவதையும் சுற்றிக் கண்களை மட்டும் விட்டுவைப்பது வழக்கம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தியாகி, எவர் பார்வைக்கும் ஆளாகாமல் பழைய மெட்ராஸ் ரோடு வழியே போய்க்கொண்டிருக்கலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் துப்பட்டாவை அவிழ்க்க வேண்டிய அந்தக் கணம்தான் துன்பம். 2009-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள் அல்சூர் ஏரிக்கரையருகே திருவள்ளுவர் சிலையைத் திறந்தார்களே, உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். 1991-இல் நிறுவப்பட்ட அச்சிலை, இரு மாநிலப் பிணக்குகளின் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் துணியால் மூடியே கிடந்தது. ஏறக்குறைய என் வயது அதற்கு. திறப்பு விழா நடந்து சில நாட்கள் கழிந்தபின் அப்பா என்னை அங்கே அழைத்துப்போனார். மாலை வெயிலில் ஜனங்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் துப்பட்டாவை அவிழ்க்காமலே நின்று பார்த்தேன். அப்பா அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மறுவாரம் முதல், யார் யாரிடமோ விசாரித்து, தோலுக்கென்று தனியே படித்த டாக்டர்களின் விலாசங்களை ஒரு பழைய டயரியில் அவர் குறித்துக்கொள்ளலானார். இரண்டு டாக்டர்களிடம் போய்ப் பயனில்லாமல் மூன்றாமவரிடம் வந்து சேர்ந்தபோது 2011-ஆம் ஆண்டு நவம்பர் ஆகிவிட்டது.

அந்த டாக்டர் ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி. கன்னடம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசுவார். என் கன்னத்தை விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்து, முதுகையும் பார்த்து, இதுவரை பூசியது, விழுங்கியது அனைத்தையும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு, முதலில் அவர் சொன்னது, "இது உன் தப்பு இல்லே, நீ தின்னதும் இல்லே, கழுவாததும் இல்லே" என்பது. அதன்பின் ஒரு காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். தோலில் ஒவ்வொரு ரோமத்தின் வேரோடும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதின் ஹார்மோன்கள் அதைத் தூண்ட, எண்ணெய் மிகுதியாகச் சுரக்கிறது. துவாரத்தின் வாயில் உதிர்ந்த தோல் அடைத்துக்கொள்ள, எண்ணெய் உள்ளே தேங்குகிறது. அங்கே இயல்பாகவே வசிக்கும் கிருமி அந்த எண்ணெயில் செழிக்கிறது. அதை எதிர்க்க உடம்பு எழும்பும்போது வீக்கமும் சீழும் உண்டாகின்றன. மற்ற மருந்துகள் இந்த நான்கில் ஒன்றையோ இரண்டையோ பார்த்துக்கொள்ளும். தாம் எழுதப்போவது நான்கையும் ஒருங்கே தாக்கும் என்றும், சுரப்பியையே சுருங்கச் செய்யும் என்றும் சொன்னார்.

பிறகு என்னை எடை பார்த்தார். 50 கிலோ. கிலோவுக்கு 120 மில்லிகிராம் வீதம் மொத்தம் 6,000 மில்லிகிராம் என் உடம்பில் சேர வேண்டும் என்று கணக்கிட்டார். முதல் அறுபது நாள் தினம் 20 மில்லிகிராம், அதன்பின் 160 நாள் தினம் 30. ஆக 220 இரவுகள்.

இதற்குப் பின் நடந்ததுதான் நான் சொல்ல வந்த விஷயத்தின் மையம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் வெளியே உட்காருங்க" என்றார்.

அம்மா திகைத்தாள். "நான் இருந்தா என்ன டாக்டர்? எங்கிட்ட மறைக்கிறதுக்கு அவகிட்ட ஒண்ணுமில்லே."

"இருக்காதும்மா. ஆனா நான் கேக்கப்போற கேள்விக்கு அவ மட்டும்தான் பதில் சொல்லணும்."

அம்மா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெளியே போனாள். கதவு சாத்தியதும் டாக்டர் என்னிடம், மாதவிலக்கு கடைசியாக எப்போது வந்தது, யாரோடாவது பழக்கம் உண்டா, கர்ப்பம் உண்டாக எவ்வகையிலேனும் சாத்தியம் இருக்கிறதா என்று, ஜுரம் இருக்கிறதா என்று கேட்பது போன்ற அதே குரலில் கேட்டார். என் உள்ளங்கை வியர்த்தது. இருபத்தொரு வயது வரை இப்படிப்பட்ட கேள்வியை என்னிடம் எவரும் கேட்டதில்லை. இல்லை என்று சொன்னேன். அவர் என் பதிலை நம்பினார். நம்பியும் பரிசோதனைக்கு எழுதினார். "எல்லாருக்கும் எழுதுவேன். உன்னைச் சந்தேகப்பட்டு இல்லே" என்றார். இந்த மருந்து உடம்பில் இருக்கும் காலத்தில் கரு உண்டானால் அந்தச் சிசுவின் மூளை, இருதயம், காது, முகம் எல்லாம் பாதிக்கப்படலாம் என்பதையும், சில நாட்கள் உட்கொண்டாலே போதும், அந்த ஆபத்து உண்டு என்பதையும் சற்றும் மறைக்காமல் எடுத்துரைத்தார். தொடங்குமுன் ஒரு மாதம், உட்கொள்ளும் காலம் முழுவதும், நிறுத்தியபின் ஒரு மாதம், இவற்றுள் கர்ப்பம் கூடவே கூடாது. அக்காலத்தில் இரத்த தானமும் செய்யக் கூடாது. அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார் என்றார். இவ்வளவையும் அச்சிட்டிருந்த ஒரு தாளை என்னிடம் கொடுத்து, முழுவதும் படித்துப் புரிந்தபின் கையெழுத்திடச் சொன்னார். அதுவரை என் முகத்தைப் பற்றி எல்லோரும் என்னைத் தவிர மற்றவர்களிடம்தான் பேசினார்கள்: அம்மாவிடம், அப்பாவிடம், ஜாதகம் கொண்டுவரும் தரகரிடம். அந்தத் தாளின் கீழே என் பெயரை எழுதியபோது, இந்த முகம் என்னுடையது என்ற எண்ணம் எனக்கு முதன்முதலாக உண்டாயிற்று.

பிறகு அம்மாவை உள்ளே அழைத்து, அவளுக்கும் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். தை மாதத்தில் எனக்கு ஒரு வரன் பார்ப்பதாக இருந்தது. அம்மா விரல் விட்டு எண்ணினாள். மருந்து முடிவது ஆனி மாதம். அதன்மேல் ஒரு மாதம் என்றால் ஆடி. ஆடியில் எப்படியும் கல்யாணம் கிடையாது. "அப்போ ஆவணிக்கு மேலதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டாக்டரும் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா தரகருக்குத் தொலைபேசியில் தாமே பேசி, இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இந்த மருந்தின் சரித்திரத்தைப் பிற்காலத்தில் தேடிப் படித்தேன். ஸ்விட்சர்லாந்தில் பாசல் நகரத்து ரோஷ் கம்பெனியில் மருந்தாக ஆராயப்பட்ட இந்த ரசாயனத்தை, அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிலையத்தில் கேரி பெக் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், வேறெந்தச் சிகிச்சைக்கும் கட்டுப்படாத பரு நோயாளிகள் 14 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுள் 13 பேருக்கு நோய் முற்றிலும் நீங்கியதை 1979-இல் வெளியிட்டார்கள். 1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்ற எச்சரிக்கை தொடக்கத்திலேயே இருந்தும், அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஊனமுற்ற குழந்தைகள் பிறந்தன. வெறும் எச்சரிக்கை போதாது என்பதைப் பல படிகளில் உணர்ந்து, 2006-ஆம் ஆண்டில் அந்நாடு ஒரு கடுமையான ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: மருந்து எழுதும் டாக்டர், கொடுக்கும் கடை, உட்கொள்ளும் நோயாளி மூவரும் ஒரு பதிவேட்டில் சேர வேண்டும், கருத்தரிக்கக் கூடிய பெண்ணாயின் மாதந்தோறும் பரிசோதனை முடிவு பதிவானால்தான் அடுத்த மாதத்து மாத்திரை கைக்கு வரும். அதை மிகையான கெடுபிடி என்று குறை கூறுவோர் அங்கே உண்டு. நம் நாட்டில் அப்படியொரு பதிவேடு இல்லை. அட்டையின்மேல் எச்சரிக்கை இருக்கிறது; சீட்டு வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது. மற்றதெல்லாம் அந்த அறையில் கதவைச் சாத்திக் கேட்கும் ஒரு டாக்டரின் மனச்சாட்சியைப் பொறுத்தது.

இனி அந்த இரவுகளைப் பற்றிச் சொல்கிறேன். முதல் மாதத்தில் முகம் முன்னிலும் மோசமாயிற்று. அப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லாதிருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன். இரண்டாம் வாரத்திலேயே உதடுகள் உலரத் தொடங்கின. மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் மார்கழி, தை மாதக் காற்று சாதாரண மனிதர்களின் உதட்டையே வெடிக்க வைக்கும். எனக்கோ வாயின் இரு ஓரங்களும் கிழிந்து, சிரித்தால் இரத்தம் துளிர்த்தது. சாம்பாரில் உள்ள மிளகாய் பட்டால் கண்ணீர் வரும். ஊறுகாய் ஜாடியை அம்மா பரணில் ஏற்றிவிட்டாள். வாசலின் டப்பா ஒன்று படுக்கையிலும், ஒன்று கைப்பையிலும், ஒன்று அலுவலக மேஜையிலும் இருந்தது; ஒரு மணிக்கு ஒருமுறை பூசாவிட்டால் பேச முடியாது. கண்களில் மணல் விழுந்தாற்போல் உறுத்தியதால் சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன். காலையில் மூக்குச் சிந்தினால் கைக்குட்டையில் இரத்தக் கீற்று தெரிந்தது. அந்த அக்டோபரில்தான் மெட்ரோ ரயில் எங்கள் பேட்டைக்கு வந்திருந்தது; தடதடவென்று படியேற வேண்டிய வயதில், முதுகுவலியால் ஹலசூரு நிலையத்தின் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றி நின்று நின்று ஏறினேன். இருட்டில் கண் பழகச் சற்று நேரம் பிடித்ததால் மாலைக்குமேல் ஸ்கூட்டர் எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

இவ்வளவு தொல்லைகளையும் வரிசையாகப் படித்துவிட்டு, இப்படிப்பட்ட மருந்து தேவைதானா என்று உங்களுக்குத் தோன்றலாம். தேவையா இல்லையா என்பதை அந்தத் தலையணை உறையைத் துவைத்தவர்களே சொல்ல முடியும். மாதந்தோறும் இரத்தம் எடுத்து ஈரலையும் கொழுப்பையும் பார்த்தார்கள். மூன்றாம் மாதம் ட்ரைகிளிசரைடு 90-லிருந்து 210-க்கு ஏறியது. டாக்டர் பதறவில்லை. இனிப்பையும் பொரித்ததையும் குறைத்துக்கொண்டு, இரவு நெய்யை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த மாதம் அது இறங்கிற்று. என் பழைய டாக்சிசைக்ளின் அட்டையில் மீதி இருந்ததை அவரே வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் மண்டைக்குள் அழுத்தம் ஏறிப் பார்வைக்கே ஆபத்து வரலாம் என்று காரணமும் சொன்னார்.

உடம்பைப் பற்றிக் கேட்டு முடித்ததும் ஒவ்வொரு மாதமும் அவர் தவறாமல் கேட்ட இன்னொரு கேள்வி, "தூக்கம் வருதா? காரணமில்லாமே அழுகை வருதா?" என்பது. இந்த மருந்து மனத்தைத் தளரச் செய்து தற்கொலை வரைக்கும் கொண்டுபோகுமோ என்ற அச்சம் உலகெங்கும் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. ஸ்வீடனில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2010-இல் வெளிவந்த கட்டுரை, தற்கொலை முயற்சிகள் மருந்து தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே அதிகரித்து வந்ததைக் காட்டியது. கொடிய பருவே மனத்தை முறிக்க வல்லது என்பது அதன் பொருள். சுமார் பதினாறு லட்சம் பேரை உள்ளடக்கிய ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2023-இல் வெளியான மதிப்பீடு, பொதுவாகப் பார்க்குமிடத்து இம்மருந்தால் தற்கொலை அபாயம் கூடுவதாகத் தெரியவில்லை என்றது. ஆயினும் இலட்சக்கணக்கானவர்களின் சராசரி வேறு, மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருத்தி வேறு. மாசி மாதத்தில் இரண்டு வாரம், மனம் காரணமின்றிக் கனத்துக் கிடந்தது. டாக்டர் கேட்டதால் சொன்னேன்; கேட்டிருக்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். அவர் பத்து நாளைக்கு அளவைக் குறைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தொலைபேசியில் விசாரித்து, தெளிந்தபின் மறுபடியும் கூட்டினார். அதனால் 220 என்ற கணக்கு இரண்டு மூன்று நாள் நீண்டது. என் நாட்குறிப்பில் மட்டும் 220 என்றே இருக்கிறது.

பங்குனியில் ஒரு காலை, முகம் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது, துண்டை நான் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்தேன். மூன்று ஆண்டுகளாகத் துண்டை ஒற்றி ஒற்றித்தான் எடுத்தவள் நான். தாடையோரம் விரலை ஓட்டினேன். கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு அவள் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கன்னத்தில் குழிகள் இருக்கின்றன. அவற்றை அந்த மருந்து நிரப்பாது. ஸ்டீராய்டு தந்த சிவப்பு அடங்க மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. அதன்பின் எப்போதாவது ஒரு சிறு பரு வரும், போகும். எதிர்வீட்டு அம்மாள் ஒரு நாள் அம்மாவைத் தனியே அழைத்து, இந்த மாத்திரை தின்ற பெண்களுக்குப் பிள்ளை பிறக்காதாமே என்று கவலையோடு கேட்டார். இந்தப் பயம் நம்மிடையே பரவலாக இருப்பதால் தெளிவாகவே சொல்கிறேன்: மருந்து உடம்பில் இருக்கும்போது உண்டாகும் கருவுக்குத்தான் அதனால் கேடு. நிறுத்தி ஒரு மாதம் கழிந்தபின் உண்டாகும் கர்ப்பத்தை அது தொடுவதில்லை. எனக்கு 2014-இல் விவாகம் நடந்தது. 2016-இல் பெண் குழந்தை பிறந்தது. அவளுடைய காதுகளை முதன்முதல் பார்த்தபோது, அந்த அச்சிட்ட தாளில் 'காது' என்ற சொல் எந்த வரியில் இருந்தது என்பதுகூட எனக்கு நினைவுக்கு வந்தது.

இப்போது அந்தப் படம். சித்தி மகளுக்கு வயது பத்தொன்பது. எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். படத்தில் இருந்தது பத்து மாத்திரை கொண்ட ஓர் அட்டை, ஒன்பது காலி. அறைத்தோழி ஒருத்திக்கு எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி, ஏதோ ஒரு கடையில் இவளும் வாங்கியிருக்கிறாள்; அதே அளவு, எடை பார்க்கவில்லை, இரத்தம் பார்க்கவில்லை. தோழிக்கு நன்றாகக் கேட்டது, அக்காவுக்கும் கேட்டது, நமக்கும் கேட்கும் என்ற எளிய நம்பிக்கை. அவளை நான் எப்படிக் கோபிப்பேன்? உடனே போன் செய்து, பத்தாவதைப் போடாதே என்று மட்டும் சொன்னேன். கோபமாகப் பேசினால் எதையும் சொல்ல மாட்டாள் என்று தெரியும். அவள் முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வீடியோவில் வரத் தயங்கினாள், பிறகு வந்தாள். விளக்கை அணைத்துவிட்டு வந்திருந்தாள்.

மறுநாள் சித்தியையும் வரவழைத்து மூவருமாகப் போனோம். என் டாக்டர் ஓய்வுபெற்றுவிட்டார். அவரிடம் பயின்ற இளம் டாக்டர் ஒருவர் இருக்கிறார். அவளுடைய கன்னத்தைப் பார்த்தார், எடை பார்த்தார், ஒன்பது மாத்திரைக் கதையைக் கேட்டார். பின்பு பேனாவைக் கீழே வைத்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் எழுந்து, சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் சித்தி, "உள்ளே என்னடி கேக்கறாங்க?" என்றாள்.

"அவகிட்ட மட்டும் கேக்க வேண்டியதைக் கேக்கறாங்க சித்தி."

சித்தி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் அம்மாவும் இப்படித்தான் இதே போன்ற ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. சித்தி மகள் இரண்டு தாள்களோடு வந்தாள். ஒன்று இரத்தப் பரிசோதனைக்கு, மற்றொன்று வீட்டில் படித்துவிட்டு வந்து கையெழுத்திட வேண்டியது. சித்தி வாங்கிப் பார்ப்பதற்குக் கை நீட்டினாள். அவள் கொடுக்கவில்லை. நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்து முடித்து, இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள்.